பூச்சிய மைலில் நிற்கும் துரை

ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கொழும்புக்குப் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கற்கள் பழக்கம். கொழும்பு நெருங்க நெருங்க எண் குறைந்துகொண்டே வரும். குறைந்து குறைந்து அது எங்கே போய் பூச்சியம் ஆகுது என்று யோசித்திருக்கிறோமா?

கொழும்புக் கோட்டையில், ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால், ஒரு வெள்ளைக்காரருடைய சிலை நிற்கிறது. கொழும்பிலிருந்து புறப்படுகிற நெடுஞ்சாலைகளின் தூரத்தை அந்தச் சிலையிலிருந்துதான் அளந்தார்கள். பெயர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ். படைத்தளபதி, ஆளுநர், கடைசிக் காலத்தில் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்.

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் இவருக்கு ஒன்றிரண்டு வரிதான். கொழும்பு – கண்டி வீதியை அமைத்தார், கோப்பிப் பயிர்ச்செய்கையை ஊக்குவித்தார். பரீட்சைக்கு அது போதும். ஆனால் மலையகத்துப் பிள்ளைகளாகிய நமக்கு அது போதுமா? அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் நம்ம கதையே ஆரம்பிக்குது.

2023இல் 'மலையகம் 200' என்று நாடெங்கும் பேசினோம். ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணமும் போனது. முன்னோர்கள் நடந்து வந்த வழியை நினைவுபடுத்துகிற நடை. அந்த நேரத்தில் நாம் நிறையப் பேசியது வந்தவர்களைப் பற்றி: பசி, கடன், சாதிக் கொடுமை, கங்காணி, தோணி, காடு. பேச வேண்டியதுதான். கொஞ்சமாகப் பேசியது, வரவழைத்தவர்களைப் பற்றி. எந்த ஆட்சி, யாருடைய முடிவு, எந்தச் சட்டம் இந்த மலைகளில் ஒரு வேலையை உண்டாக்கி, அந்த வேலைக்கு ஆள் தேடியது? அதைக் கேட்டால் முதலில் எதிரில் வந்து நிற்கிறவர்களில் ஒருவர் பார்ன்ஸ்.

வாட்டர்லூவிலிருந்து கண்டிக்கு

பார்ன்ஸ் 1776இல் லண்டனுக்குப் பக்கத்தில், பார்னெட் அருகே பிறந்தவர். 1792இல், பதினாறு வயதில் இராணுவத்தில் சேர்ந்தார். முதல் இருபது வருடத்தில் பெரும் பகுதி கரீபியன் தீவுகளில் கழிந்தது. மார்டினிக், குவாடலூப் தீவுகளைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த போர்களில் இருந்தார். டொமினிக்கா தீவில் துணை ஆளுநர் பதவியும் கிடைத்தது.

இந்த டொமினிக்கா விசயத்தை ஆங்கில வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். நாம் கொஞ்சம் நிற்போம். அந்தக் காலத்தில் டொமினிக்கா ஒரு கோப்பித் தீவு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை வைத்துத்தான் அங்கே கோப்பி விளைந்தது. மலைச் சரிவு, கோப்பிச் செடி, மேலே துரை, கீழே கட்டாய உழைப்பு என்ற காட்சியைப் பார்ன்ஸ் இலங்கைக்கு வருவதற்குப் பத்து வருடத்துக்கு முதலே கண்ணால் பார்த்திருக்கிறார். அதை அப்படியே இங்கே பிரதி எடுக்க வந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்டி மலைகளைப் பார்த்த அவருக்குக் கோப்பி ஞாபகம் வந்தது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

1812இல் ஸ்பெயினுக்குப் போய் வெலிங்டனின் படையில் சேர்ந்தார். ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி விட்டோரியா முதலான சண்டைகளில் போரிட்டார். 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற அந்தப் போரில் வெலிங்டனின் நிர்வாகத் தளபதி பார்ன்ஸ்தான். அன்றைக்குக் காயமும் பட்டார்.

அதே 1815, மார்ச் 2. கண்டியில் பிரித்தானியரும் கண்டிப் பிரதானிகளும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். அவரைப் பிடித்து, அடுத்த வருடம் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தார். கண்டி அரசனை இந்தப் பக்கமிருந்து தமிழ்நாட்டுக்கு ஏற்றினார்கள். கொஞ்ச வருடத்திலேயே அந்தப் பக்கமிருந்து ஏழைகளைக் கண்டிச் சீமைக்கு இறக்க ஆரம்பித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆட்சி.

ஆக, ஒரே வருடத்தில் ஐரோப்பாவில் ஒரு போர் முடிந்தது, இலங்கையில் ஓர் இராச்சியம் விழுந்தது. போர் முடிந்ததும் வெற்றி பெற்ற தளபதிகளுக்கு வேலை வேண்டும். பிடித்த நாடுகளை அடக்கி ஆள ஆள் வேண்டும். பார்ன்ஸ் 1819இல் இலங்கை இராணுவ நிர்வாகத்துக்கு நியமனம் பெற்றார். 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநர். பிறகு 1824 ஜனவரியில் ஆளுநராகவே திரும்பி வந்து, 1831 ஒக்டோபர் வரை இருந்தார்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கணும். 1833க்கு முன்னால் இலங்கையில் சட்டசபை என்று ஒன்று கிடையாது. ஆலோசனை சொல்ல ஒரு சபை இருந்தது, அவ்வளவுதான். லண்டன் எட்டாத தூரத்தில் இருந்தது. கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் ஆளுநர் வாயிலிருந்து வருவதுதான் சட்டம். ஓர் இராணுவத் தளபதி கையில் அந்த அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும்?

ரோடு எதுக்காகப் போட்டாங்க?

பார்ன்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், 1817 – 18இல், ஊவா வெல்லஸ்ஸப் பக்கம் பெரிய கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. அதை அடக்கப் பிரித்தானியர் படாதபாடு பட்டார்கள். ஊர்களை எரித்தார்கள், வயல்களை அழித்தார்கள். அப்படியும் காடும் மலையும் காய்ச்சலும் அவர்களுடைய சிப்பாய்களைக் கொன்றன. கண்டி இராச்சியம் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் முந்நூறு வருடத்துக்குக் கிட்ட அடங்காமல் இருந்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பாதையில்லாத மலைதான். 1638இல் போர்த்துக்கேயப் படை கண்டிக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறபோது, கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கனிடம் மாட்டிச் சின்னாபின்னமானது. உள்ளே வருவது பெரிய காரியமில்லை. திரும்பிப் போவதுதான் பிரச்சினை.

பார்ன்ஸ் இதை ஒரு படைவீரனுடைய கண்ணால் பார்த்தார். கோட்டைகளில் சிப்பாய்களைக் கூட்டி வைத்திருப்பதைவிட, வேகமாகப் படையை நகர்த்த ஒரு வீதி இருந்தால் மலைநாடு இனிமேல் எழும்பாது என்று கணக்குப் போட்டார். 1820இல் கண்டி வீதி வேலை தொடங்கியது. இன்றைக்கு நாம் கேகாலை, மாவனல்லை தாண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் போகிற அதே வழிதான். ஏறத்தாழ 116 கிலோமீட்டர். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி விட்ட இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி பணியும் என்று பழைய நம்பிக்கை ஒன்று இருந்ததாகவும், அதனால்தான் வெள்ளைக்காரன் பாறையைத் துளைத்தான் என்றும் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வீதி கண்டியைப் பணிய வைத்தது உண்மை.

சரி, யார் வெட்டினார்கள் இந்த ரோட்டை?

கடுகண்ணாவையில் உயரமான ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்குது. அது கப்டன் டோசன் ஞாபகார்த்தம். வீதியைத் திட்டமிட்ட பொறியியலாளர். 1829இல் இறந்தார், 1832இல் கோபுரம் எழும்பியது. அவருடைய அறிவும் திறமையும்தான் இந்த வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றியதாகக் கல்வெட்டு சொல்லுது. இன்னொருவர் தோமஸ் ஸ்கின்னர். 1804இல் பிறந்தவர். பதினாறு வயது மதிக்கத்தக்க பொடியனாக, கண்டிக் கிராமத்து ஆட்கள் இருநூறு பேரைக் கொடுத்து ஒரு துண்டு வீதியை வெட்டச் சொன்னார்கள். அந்த இருநூறு பேரில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. ஸ்கின்னருக்குத் தன் வரலாறு எழுத ஐம்பது வருட அனுபவம் சேர்ந்தது. அவர்களுக்கு எழுதுகோலும் இல்லை, கோபுரமும் இல்லை.

அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்களும் இல்லை. ராஜகாரிய என்ற முறையில் வந்தவர்கள். கண்டி அரசர்கள் காலத்தில் நிலம் வைத்திருக்கிற குடிமக்கள், அந்த நிலத்துக்கு ஈடாக அரசனுக்குக் குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்து கொடுக்கணும். அதிலும் சாதிப்படி வேலை, சாதிப்படி அவமானம் எல்லாம் இருந்தது. நல்ல முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு ஊர் வழக்கம் என்று ஓர் எல்லை இருந்தது. குளம் கட்டினால் அந்தத் தண்ணீர் தன் வயலுக்கும் வரும். பார்ன்ஸ் செய்தது, அந்தப் பழைய கடமையை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லையைக் கழற்றி எறிந்தது. தன்னுடைய ஊரை அடக்க வருகிற படைக்குத் தானே கூலியில்லாமல் ரோடு வெட்ட வேண்டிய நிலைமைக்குக் கண்டிச் சிங்களக் குடியானவர் தள்ளப்பட்டார்.

இந்த இடத்தில் தமிழர்களும் வருகிறார்கள். இராணுவ வேலைகளுக்கென்று 'பயனியர்' என்ற படையணிகளை ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள். பாதை வெட்டுவது, பாலம் போடுவது, சாமான் சுமப்பது இவர்கள் வேலை. அதற்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதாவது கோப்பித் தோட்டத்துக்கு முதலே, ரோட்டு வேலைக்கு நம்ம பக்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நம்ம வரலாற்றைத் தோட்டத்திலிருந்து மட்டும் தொடங்கினால் இந்த ஆட்கள் கணக்கில் விழ மாட்டார்கள்.

சட்டமும் அவரே, தோட்டமும் அவரே

வீதி திறந்ததும் மலைக்குள்ளிருந்து எதை வெளியே கொண்டுபோகலாம் என்ற கேள்வி வந்தது. படை நடத்துவதும் ரோடு போடுவதும் செலவு. அந்தக் காலத்து இலங்கை அரசுக்குக் கறுவாதான் பெரிய வருமானம். அதை மட்டும் நம்பி எத்தனை நாள் இருப்பது?

கோப்பிச் செடி இங்கே புதுசு இல்லை. கண்டிக் கிராமங்களில் வீட்டுத் தோட்டத்தில் முதலே இருந்தது. பூவைக் கோயிலுக்கு வைப்பார்கள். ஒல்லாந்தர் கரையோரத்தில் பயிரிட்டுப் பார்த்தும் சரிவரவில்லை. மலையில் பெரிய அளவில் தோட்டம் போடுவது என்பதுதான் புதுசு. 1823, 1824 காலத்தில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் தொடங்கினார். நாம் 200 வருடத்தை எண்ணுவது கிட்டத்தட்ட இங்கேயிருந்துதான். அதே சமயத்தில் ஆளுநர் பார்ன்ஸும் தோட்டக்காரராக இறங்கினார். பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் மறுகரையில், கன்னொருவையில் அவருடைய தோட்டம். போர்த்துக்கேயப் படை அழிந்த அதே கன்னொருவை. இன்றைக்கு அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.

அடுத்து நடந்ததைப் பாருங்க. 1825இல் கோப்பிக்கான ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. கோப்பி போட்ட காணிக்கு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கட்டுகிற வரியிலிருந்து விலக்கு வந்தது. 1829இல் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் ராஜகாரியத்திலிருந்து விலக்கு வந்தது. நெல் விதைக்கிற ஏழைக் குடியானவனுக்கு வரியும் உண்டு, கூலியில்லா வேலையும் உண்டு. கோப்பி வைக்கிற துரைக்கு இரண்டும் இல்லை. இந்தச் சலுகைகளைக் கொடுத்த ஆளுநருக்குக் கோப்பித் தோட்டம் இருந்தது. இதை இன்றைக்கு ஓர் அமைச்சர் செய்தால் என்ன பெயர் சொல்லுவோம்?

அவர் காலத்தில் இதை யாரும் ஊழல் என்று சொல்லவில்லை. ஆளுநரே முன்மாதிரியாகப் பயிர் வைக்கிறார் என்று பாராட்டினார்கள். அவருக்குப் பின்னால் வந்த அரச உத்தியோகத்தர்கள், நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள் எல்லாம் தோட்டம் வாங்க ஓடினார்கள். 1830களில் ஓர் ஏக்கர் ஐந்து சிலிங் என்று அரச காணி போனது. 1840இல் வந்த காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று வைத்தது. கண்டிக் கிராமத்தவர்கள் மாடு மேய்த்த, சேனை வெட்டிய மலைகள் தோட்டமாகின. மலையகத் தமிழர் தங்கள் காணியைப் பறித்தார்கள் என்று சிங்களக் கிராமங்களில் இன்றைக்கும் ஒரு கோபம் இருக்குது. பறித்தது யார், எந்தச் சட்டத்தால், எந்த வருடத்தில் என்று எல்லாம் எழுத்தில் இருக்குது. அந்தக் காணியில் ஒரு பேர்ச்சஸ்கூட வேலைக்கு வந்தவன் கைக்கு வரவில்லை.

ஆள் எங்கே?

தோட்டம் போட்டாச்சு. வேலைக்கு யார்? கண்டிக் கிராமத்தவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. மாதக் கூலிக்கு அடுத்தவன் தோட்டத்தில் நிற்பதை அவர்கள் மதிப்பாக நினைக்கவில்லை. 'சோம்பேறிச் சிங்களவன்' என்று துரைமார் எழுதி வைத்தது இதைத்தான். சொந்த வயலில் உழைக்கிறவன், உன் தோட்டத்துக்கு வராவிட்டால் உன் கணக்கில் சோம்பேறி. பிறகு நம்மளைப் பற்றியும் இதே மாதிரி வேறு பெயர்கள் வைத்தார்கள். பெயர் வைக்கிற வேலை எப்பவும் கணக்கு எழுதுகிறவனுக்குத்தான்.

பார்ன்ஸ் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து பார்த்தார். அந்த முயற்சி சரிவரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நிற்காமல் ஊர் திரும்பினார்கள். எனக்கு இது ஒரு முக்கியமான இடமாகப் படுது. தமிழ்க் கூலி என்றால் சொன்னதைக் கேட்டுக் கிடப்பவன் என்பதுதான் துரைமார் எழுதிய வரலாறு. ஆனால் முதல் முதலாக வந்தவர்கள் செய்த காரியம், பிடிக்காமல் விட்டுப் போனது. குளிர், அட்டை, காய்ச்சல், தெரியாத காடு. நிற்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை, திரும்பிப் போக வழி இருந்தது. பின்னால் வந்தவர்களை நிற்க வைக்கத்தான் கங்காணியின் முன்பணக் கடன், துண்டு முறை, ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை என்கிற சட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மனுசன் தானாக நிற்பான் என்றால் இத்தனை கயிறு எதுக்கு?

பார்ன்ஸ் காலம் முடிகிறபோது இன்னொரு திருப்பம். இலங்கை நிர்வாகத்தைப் பரிசோதிக்க லண்டனிலிருந்து கோல்புறூக், கமரன் என்ற இரண்டு ஆணையாளர்கள் வந்தார்கள். ராஜகாரியத்தை ஒழிக்கணும் என்றார் கோல்புறூக். கூலியில்லாத கட்டாய வேலை, நாட்டின் முன்னேற்றத்துக்கே தடை என்பது அவர் வாதம். பார்ன்ஸ் எதிர்த்தார். அது இல்லாமல் வீதி போட முடியாது, பராமரிக்கவும் முடியாது என்று நின்றார். லண்டன் பார்ன்ஸ் பக்கம் நிற்கவில்லை. 1832இல் ராஜகாரிய ஒழிக்கப்பட்டது.

ஒழிந்தது நல்லது. ஆனால் அதற்குப் பிறகு என்ன? ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேவை அப்படியே இருந்தது. அதே காலத்தில் கரீபியன் தீவுகளில் அடிமைமுறை முடிவுக்கு வந்து, அங்கே கோப்பி உற்பத்தி சரிந்தது. 1835இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கும் கரீபியன் கோப்பிக்கும் ஒரே வரி என்றானது. இலங்கைக் கோப்பிக்கு யோகம் அடித்தது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் ஆளைக் கடித்த கதைபோல, அடிமையும் போய், ராஜகாரியக்காரனும் போய், அடுத்து கடல் தாண்டிப் பார்த்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே கிடந்தார்கள்.

தேயிலை இதற்கெல்லாம் பிந்தி வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை வைத்தது 1867. கோப்பி இலைநோய் வந்தது 1869. நம்மளைத் தேயிலையோடேயே பிறந்தவர்கள் மாதிரி சுற்றுலாப் படங்கள் காட்டும். உண்மையில் நாம் ஒரு ரோட்டுக்கும் ஒரு கோப்பிச் செடிக்கும் பிறந்தவர்கள். தேயிலை நமக்கு இரண்டாவது எஜமான்.

நுவரெலியாவில் ஒரு மாளிகை

பார்ன்ஸுக்குக் குளிர் பிடித்திருந்தது. 1819 அளவில்தான் ஆங்கிலேயர் கண்ணில் பட்ட நுவரெலியாவை, நோயாளிச் சிப்பாய்கள் தேறுகிற இடமாக மாற்றியவர் அவர். தனக்கென்று அங்கே ஒரு மாளிகையும் கட்டினார், 'பார்ன்ஸ் ஹோல்' என்று பெயர். அந்த வீடுதான் பின்னால் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. நுவரெலியாவுக்கு வசந்தகாலத்தில் வந்து அதன் முன்னால் படம் பிடிக்கிறவர்கள் ஏராளம். நம்ம பக்கத்துப் பொடியன்மார் பலபேர் அப்படிப்பட்ட ஹோட்டல்களில் அறை துடைக்கிறார்கள், தேத்தண்ணி பரிமாறுகிறார்கள். அவர்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கும் நமக்கும் உள்ள சொந்தம் இவ்வளவு பழசு என்று தெரிந்துகொண்டு பரிமாறலாம் என்கிறேன்.

1831இல் பார்ன்ஸ் இலங்கையை விட்டுப் போனார். இந்தியப் படைகளின் பிரதம தளபதி பதவி கிடைத்தது. அங்கே ஆளுநர் நாயகம் பென்டிங்கோடு ஒத்துவரவில்லை, 1833இல் அந்தப் பதவியும் போனது. தனியாக ஆண்டு பழகியவருக்கு இன்னொருவர் கீழே நிற்பது கஷ்டம்தானே. இங்கிலாந்தில் கொன்சர்வேட்டிவ் அரசியலில் இறங்கி, 1837இல் சட்பரி தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த வருடம் மார்ச் மாதம் லண்டனில் இறந்தார். வயது 61. வாக்குக்குக் காசு கொடுக்கிற பழக்கம் முற்றிப்போய், அந்தச் சட்பரி தொகுதியையே 1844இல் பாராளுமன்றம் இல்லாமல் செய்துவிட்டது. இலங்கையில் யாருடைய வாக்கும் இல்லாமல் ஆண்டவர், அங்கே வாக்குக் கேட்டு நின்றிருக்கிறார். அவர் கொண்டுவந்த பொருளாதாரத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடும் இழந்து, தொடர்ந்து வாக்கும் இழந்தார்கள்.

அப்போ அவரை என்ன செய்யலாம்?

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் உடனே வரும். பார்ன்ஸ் இல்லாவிட்டால் ரோடு இல்லை, ரோடு இல்லாவிட்டால் இந்த நாட்டில் முன்னேற்றம் இல்லை, அவர் இல்லாவிட்டால் நீயே இங்கே இல்லை. முதல் இரண்டையும் வாதத்துக்காக ஏற்றுக்கொள்கிறேன். ரோடு நல்லது. எனக்கும் அந்த ரோட்டில்தான் கம்பசுக்குப் போக வேண்டியிருக்கு. ஆனால் ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்பதற்காக அதைப் போட்டவனுக்கு மட்டும் நன்றி சொல்லணும் என்று இல்லை. வெட்டினவனுக்கும் சொல்லணும். அந்த நன்றியை இரண்டு நூற்றாண்டாக யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது பதில், 'அவர் இல்லாவிட்டால் நீ இல்லை' என்பது, கேட்க வாயடைக்கிற மாதிரி இருக்கும். அடைக்க வேண்டியதில்லை. நாம் இங்கே இருப்பது அவருடைய தயவால் இல்லை. அவருக்கு நம்ம தேவை இருந்தது, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக இருந்தது. தேவைப்பட்டு அழைத்தவர்கள் பின்னால் 'வந்தேறி' என்று சொல்ல முடியாது. சொன்னால், அழைப்பிதழைக் காட்டலாம். அந்த அழைப்பிதழ் 1820களின் வரிச்சலுகைகளிலும் பயனியர் படைப் பதிவுகளிலும் கிடக்குது. மலையக மாணவர்கள் இந்த ஆளுநர்களுடைய வரலாற்றைப் படிக்கணும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். துரையின் பெருமையை மனப்பாடம் செய்ய இல்லை, நம்முடைய உரிமைக்கான ஆவணம் அவர்களுடைய கோப்புக்குள் இருப்பதால்.

சிலையை உடைக்கணுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், நிற்கட்டும். எனக்குள்ள பிரச்சினை சிலையில் இல்லை, அளவில்தான். இந்த நாட்டு வீதிகளின் தூரம் இன்னும் அந்த ஒரு மனிதர் நிற்கிற இடத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதே வீதிகளின் மறுமுனையில், தோட்டத்து லயத்தில் இருக்கிற எத்தனையோ குடும்பத்துக்குச் சொந்தமாக வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரணும். வங்கிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் பிந்திப்போன கதை இல்லாத தோட்டம் குறைவு. ரோடு வெட்டினவன் வீட்டுக்கு இன்னும் விலாசம் இல்லை.

காணியும் விலாசமும் கேட்கிற போராட்டத்தை, ஏதோ புதுசாகக் கிளம்பிய கோரிக்கை மாதிரி தொலைக்காட்சி விவாதங்களில் பேசுகிறார்கள். அது 1820களில் கடுகண்ணாவைப் பாறையில் முதல் வெடி வைத்த நாளிலிருந்து நிலுவையில் கிடக்கிற கணக்கு. அடுத்த முறை கிலோமீட்டர் கல்லைப் பார்க்கிறபோது, கொழும்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காமல், கொழும்பு நம்மகிட்ட வர இன்னும் எவ்வளவு தூரம் என்றும் கேட்போம்.